வீசைக் கணக்குல ஆரம்பிங்க: ரங்கூன் சமையக்கட்டுல இருந்து இதயத்தைக் காப்பாத்துற வழி

எங்க வீட்டுக்காரருக்கு 52 வயசுல மாரடைப்பு வந்துச்சு. தெய்ஞ்சி சந்தையில சின்னதா மளிகைக் கடை, காலையில 7 மணிக்குப் போனா ராத்திரி 7 மணி, சிகரெட் கெடையாது, தண்ணி கெடையாது, ஒடம்பும் அப்படி ஒண்ணும் பெருசு இல்ல, அதனால எங்க யாருக்கும் அந்த நெனப்பே வரல, ரெண்டு நாளா நெஞ்சு அழுத்துதுன்னு சொன்னவருக்கு வாயுவா இருக்கும்னு ஓமத்தண்ணியும் இஞ்சிச்சாறும் போட்டுக் குடுத்துக்கிட்டு இருந்தேன். மூணாவது நாள் கடையிலயே சட்டை நனையற அளவுக்கு வேர்த்து உக்காந்துட்டாரு. பக்கத்துக் கடை தம்பிங்க தூக்கிட்டுப் போனதால இன்னிக்கு இருக்காரு.

ஆஸ்பத்திரில இருந்து வரும்போது டாக்டர் என்கிட்ட மூணே கேள்விதான் கேட்டாரு. வீட்டுல மாசம் எவ்வளவு எண்ணெய் ஆகுது, இவரு ஒரு நாளைக்கு எத்தனை குன்யா, அதான் வெத்தலை பாக்கு, போடுறாரு, ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குறாரு. மூணுக்குமே என்கிட்ட பதில் இல்ல. 26 வருசமா சமைக்கிறேன், எண்ணெய்க் கணக்கு தெரியல. அவமானமா இருந்துச்சு, அதை விட பயமா இருந்துச்சு. அதுக்கப்பறம் மூணு வருசமா நாங்க கத்துக்கிட்டதைத்தான் இங்க எழுதுறேன், நம்ம ஊர்ல நம்ம அடுப்புல செய்யக் கூடியதா மட்டும் எழுதுறேன், ஏன்னா டயட்டுன்னு தேடுனா ஆலிவ் ஆயிலு சால்மன் மீனுன்னுதான் வருது, அதையெல்லாம் இங்க வாங்கிச் சமைக்க யாரால முடியும்.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. 52 நாடுகள்ல எடுத்து 2004ல வெளிவந்த இன்டர்ஹார்ட்னு ஒரு பெரிய ஆய்வு இருக்கு. ஒலகத்துல வர்ற முதல் மாரடைப்புல பத்துல ஒம்பது பங்கை ஒம்பது விசயத்துலயே அடக்கிரலாம்னு அதுல கண்டுபிடிச்சாங்க: புகையில, கெட்ட கொழுப்பு, பிரஷர், சுகர், தொப்பை, மனசு அழுத்தம், காய்கறி பழம் சாப்பிடாதது, நடமாட்டம் இல்லாதது, குடிப் பழக்கம். அதே ஆய்வுல இந்தியா, பாகிஸ்தான், இலங்கைன்னு தெற்காசியாக்காரங்களைத் தனியா பாத்தப்போ முதல் மாரடைப்பு சராசரியா 53 வயசுலயே வந்துருக்கு, மத்தவங்களுக்கு கிட்டத்தட்ட 59. நாம பர்மாவுல நாலு தலைமுறையா இருந்தாலும் ரத்தம் அங்க இருந்து வந்ததுதானே. அதனால ஒல்லியா இருக்கேன், சின்ன வயசுன்னு நெனைக்காதீங்க, கையும் காலும் ஒல்லியா இருந்து வயிறு மட்டும் முன்னாடி வந்திருந்தா அதுதான் நம்ம ஆளுங்களுக்கு ஆபத்து. டெய்லர் டேப் எடுத்து தொப்புள் மட்டத்துல அளந்து பாருங்க, ஆம்பளைக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைக்கு 80, அதைத் தாண்டுனா கணக்கு ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம்.

இப்ப எண்ணெய்க்கு வர்றேன், இதுதான் எனக்கு முக்கியமா தோணுது. தட்டுல எவ்வளவு எண்ணெய் இருக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது, ஆனா மாசத்துக்கு எத்தனை வீசை வாங்குறோம்னு சொல்லிரலாம். நாங்க வீட்டுல அஞ்சு பேரு, நான், அவரு, மாமியார், கொழுந்தன், பொண்ணு. ஒரு நோட்டுல எழுத ஆரம்பிச்சேன், அந்த மாசம் 5 வீசை. ஒரு வீசை 1.6 கிலோ சொச்சம், அப்ப 8 கிலோ, அதை அஞ்சு பேருக்கும் முப்பது நாளைக்கும் வகுத்தா ஆளுக்கு ஒரு நாளைக்கு 53 கிராம். இது கடையில திங்கிற வடை சமோசா சேராம. ஒரு ஆளுக்கு 20ல இருந்து 25 கிராம், அதாவது அஞ்சு டீஸ்பூன் போதும்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. நாங்க ரெட்டிப்புக்கு மேல தின்னுக்கிட்டு இருந்துருக்கோம், எண்ணெயில இருந்தே ஆளுக்கு 480 கலோரி.

ஒரே நாள்ல பாதியாக்குனா வீட்டுல சோறு எறங்காது, நாலாவது நாள் யாராவது வெளிய போய் வாங்கித் தின்னுட்டு வருவாங்க. அதனால மாசம் அரை வீசை கொறைச்சேன். அஞ்சு, நாலரை, நாலுன்னு அஞ்சு மாசத்துல ரெண்டரைக்கு வந்துட்டோம். நாக்கும் கூடவே எறங்கி வந்துருச்சு, இப்ப கல்யாண வீட்டுக் கறி தின்னா மாமியாருக்கே தெகட்டுது. நீங்களும் இன்னிக்கு ஒண்ணும் மாத்த வேணாம், இந்த மாசம் எழுத மட்டும் செய்யுங்க. எண்ணெய், உப்பு, சீனி, டப்பாப் பால், இந்த நாலும் எவ்வளவு வாங்குனோம்னு ஒரு காலண்டர் ஓரத்துல எழுதுனாப் போதும்.

நம்ம ஊருக் கறியில எண்ணெய் ஏன் இவ்வளவுன்னு யோசிச்சுப் பாத்திருக்கீங்களா. சீ ப்யான்னு சொல்றாங்களே, வெங்காயம் பூண்டு இஞ்சி அரைச்சது எண்ணெயில வெந்து தண்ணியெல்லாம் சுண்டி எண்ணெய் பிரிஞ்சு மேல மெதக்கிற பக்குவம், அந்த எண்ணெய்ப் படலம் காத்துப் படாம மூடிக்கிறதால காலையில வச்ச கறி சாயங்காலம் வரைக்கும் கெடாது. பிரிட்ஜ் இல்லாத காலத்துல அது புத்திசாலித்தனம். இப்பவும் கரண்ட் போயிப் போயி வர்றதால பிரிட்ஜை நம்ப முடியாம நாம அதே எண்ணெய்க்கும் கருவாட்டுக்கும் ஊறுகாய்க்கும் ஙப்பிங்கற உப்பு மீன் விழுதுக்கும் திரும்பப் போயிட்டோம். ஒங்களைக் குத்தம் சொல்லல, அது நெலமை. ஆனா நெலமைக்கு வேற வழியும் இருக்கு: நெறைய வச்சு நாள் பூரா சாப்பிடாம ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் வைக்கிறது, கெடாம இருக்க எண்ணெய்க்குப் பதிலா புளியும் எலுமிச்சையும் சேக்கறது, பருப்பு பயறு மாதிரி காய்ஞ்சதை வீட்டுல வச்சுக்கிட்டு அன்னன்னிக்கு ஊறப் போடுறது.

நான் இப்ப கறி வைக்கிற விதம் சொல்றேன். வெங்காயத்தை மெல்லிசா வெட்டி அரை டம்ளர் தண்ணியோட மூடி போட்டு சின்னத் தீயில வேக விடுங்க, 10 நிமிசத்துல கொழையும், அதைக் கரண்டியாலயே மசிச்சுட்டு இஞ்சி பூண்டு, மஞ்சள், மொளகாத்தூள், தக்காளி, நசுக்குன லெமன்கிராஸ் தண்டு போடுங்க. பச்சை வாசம் போனதும் புளித்தண்ணி, அப்பறம் மீனு. அஞ்சு பேரு கறிக்கு நாலு டீஸ்பூன் எண்ணெய், அதையும் கடைசியில ஊத்துங்க, கடைசியில ஊத்துனா வாசமும் ருசியும் நாக்குல முதல்ல படும், கொஞ்சமா இருந்தாலும் எண்ணெய் இருக்கற மாதிரியே இருக்கும். கொழம்பு தண்ணியா இருக்குன்னு வீட்டுல சொன்னா வறுத்த கடலை மாவு ஒரு ஸ்பூன் கரைச்சு விடுங்க, மொஹிங்காவுக்கு, அந்த மீன் சூப்பு நூடுல்ஸுக்கு விடுறோமே அதே மாதிரி, கெட்டியாயிரும்.

எந்த எண்ணெய்னு கேப்பீங்க. பாமாயில்ல பாதிக்குப் பாதி கெட்டிக் கொழுப்பு, அதுதான் ரத்தத்துல கெட்ட கொழுப்பை ஏத்துறது. கடலெண்ணெய்லயும் நல்லெண்ணெய்லயும் அஞ்சுல ஒரு பங்கோ அதுக்கும் கம்மியாவோதான் இருக்கும். தேங்காயெண்ணெய் பாமாயிலை விட அதிகம், அதனால வாசத்துக்கு மட்டும் வச்சுக்கோங்க. கடலெண்ணெய் வெலையைப் பாத்தா பயமா இருக்கும், தெரியும், பாமாயில் அதுல பாதிகூட இருக்காது. ஆனா 5 வீசை பாமாயில் வாங்குற எடத்துல ரெண்டரை வீசை கடலெண்ணெய் வாங்குனா பையில பெருசா வித்தியாசம் வராது, எங்களுக்கு அப்படித்தான் சரிக்கட்டுச்சு. மகுவே பக்கம் கடலையும் எள்ளும் வெளையுற நாட்டுல இருந்துக்கிட்டு நாம வெளிநாட்டுப் பாமாயில் வாங்கித் தின்னுக்கிட்டு இருக்கோம். நம்பிக்கையான செக்குக்காரர்கிட்ட வாங்குங்க, கலப்படம் நெறைய. வெளிய பொரிக்கிற கடையில ஒரே எண்ணெய் கருக்கக் கருக்கக் கொதிக்கிறதைக் கண்ணால பாக்கறோம்தானே, அதைப் பத்தி நான் தனியா சொல்ல வேண்டியதில்ல.

உப்பு கதை வேற. ஒலக சுகாதார நிறுவனம் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள இருக்கணும்னு சொல்லுது, அது ஒரு டீஸ்பூன் நெரவி எடுத்த அளவு, அதுக்குள்ள எல்லா உப்பும் அடங்கணும். ஙான்ப்யாயே மீன் சாஸ் ஒரு மேசைக்கரண்டி ஊத்துனாலே மூணரை கிராம் உப்பு போயிருச்சு. அதுக்கு மேல ஙப்பி, கருவாடு, அப்பளம், ஊறுகாய், பாக்கெட் நூடுல்ஸ் மசாலா. உப்பு ஒடம்புல தண்ணியைப் பிடிச்சு வைக்கும், ரத்தத்தோட அளவு கூடும், கொழாய் மேல அழுத்தம் ஏறும், அதைத் தள்ள இதயம் கூட வேலை செய்யும், வருசக் கணக்குல அப்படித் தள்ளித் தள்ளி அதோட செவரு தடிச்சுப் போயிரும்.

ஒரு விதி வச்சுக்கோங்க: ஒரு சாப்பாட்டுல உப்புச் சாமான் ஒண்ணுதான். ஙப்பி இருந்தா கருவாடு இல்ல, கருவாடு இருந்தா அப்பளம் இல்ல, மீன் சாஸ் ஊத்துன கறிக்குத் தனியா உப்பு இல்ல. கருவாட்டை வெந்நியில ரெண்டு தடவை ஊற வச்சு தண்ணியைக் கொட்டுனா உப்பு நல்லாவே எறங்கும். அஜினமோட்டோவைப் பத்தி எல்லாரும் பயப்படுறாங்க, அதுல இருக்கற சோடியம் உப்புல இருக்கறதுல மூணுல ஒரு பங்குதான், பிரச்சனை என்னன்னா நாம உப்பையும் முழுசா போட்டுட்டு மேல அதையும் ஒரு கரண்டி தூவுறோம், சிக்கன் பவுடருன்னு விக்கிறதுல உப்பே தனியா இருக்கு. அப்பறம் கடையில சோடியம் கம்மின்னு ஒரு உப்பு வருது, அதுல பொட்டாசியம் கலந்திருக்கும், கிட்னி பிரச்சனை உள்ளவங்களும் பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்களும் டாக்டர்கிட்ட கேக்காம அதைத் தொடாதீங்க.

நல்ல சாப்பாடு இங்க இல்லையான்னா, நெறைய இருக்கு, நம்ம கண்ணு அதுல படல அவ்வளவுதான். காலையில தெருவுல கூடையைத் தலையில வச்சு "பெப்யோ"ன்னு கூவிட்டுப் போறாங்களே, மொளை கட்டி அவிச்ச பட்டாணி, அதை விட நல்ல காலைச் சாப்பாடு இந்த ஊர்ல எனக்குத் தெரியல. நார்ச்சத்து, புரதம், வெலை கம்மி. பச்ச வெங்காயமும் எலுமிச்சையும் பிழிஞ்சு ஒரு கிண்ணம் சாப்பிட்டா மத்தியானம் வரைக்கும் பசிக்காது, ஆனா எண்ணெய் ஊத்தித் தாளிச்சுத் தர்றதை வாங்காம வெறும் அவிச்சதா வாங்குங்க. உளுந்து, துவரை, பாசிப்பயறுன்னு இந்தியாவுக்கே கப்பல்ல ஏத்துற நாடு இது, நாம ஏன் தெனம் ஒரு வேளை பருப்பு சாப்பிடக் கூடாது. சாம்பார் வைங்க, காய் பாதி பருப்பு பாதியா வைங்க.

கீரையும் அப்படித்தான், சின்பாவுன்னு விக்கிற புளிச்சக்கீரை, வள்ளக்கீரை, முருங்கை, வல்லாரை, எல்லாம் சந்தையில கட்டுக் கட்டா கெடக்கு. புளிச்சக்கீரையை எண்ணெயில வதக்காம ரசம் மாதிரி தண்ணியா வச்சா எண்ணெயே வேணாம். பர்மாக்காரங்க சாப்பாட்டுல தோசயான்னு ஒரு தட்டு நெறைய பச்சைக் காயும் அவிச்ச காயும் வைக்கிறாங்க பாருங்க, அதை நாம ஏன் எடுத்துக்கல, ஙப்பியில முக்குறதை மட்டும் நுனியில தொட்டுக்கோங்க. காயும் பழமும் சேத்து ஒரு நாளைக்கு 400 கிராம், கால் வீசைன்னு ஞாபகம் வச்சுக்கோங்க. ஷான் மலைப் பக்கத்துல இருந்து வர்ற வெண்ணெய்ப்பழம் ரொம்ப நல்லது, ஆனா டப்பாப் பாலும் சீனியும் போட்டு அடிச்ச ஜூஸா இல்ல, உப்பு இல்லாம எலுமிச்சை பிழிஞ்சு அப்படியே.

சோறு கொறைக்கிறதுதான் எங்க வீட்டுல பெரிய சண்டை. எங்க மாமியாருக்கு ஒருத்தன் ரெண்டாந்தரம் சோறு வாங்கலைன்னா அவனுக்கு ஒடம்பு சரியில்லைன்னு அர்த்தம். நான் தட்டை மாத்துனேன், சின்னத் தட்டு, அதுல பாதி காய் கீரை, கால் பங்கு மீனோ பருப்போ, கால் பங்கு சோறு. மொதல்ல காயை வச்சுட்டுத்தான் சோறு வைப்பேன், சோறு மொதல்ல வச்சா கை நிக்காது. ஆட்டுக்கறி, பன்னிக்கறி மாசத்துக்கு ரெண்டு தடவைன்னு ஆக்கிட்டோம், மீன் வாரத்துல நாலு நாள்.

டீக்கடையை விட்டா ரங்கூன் இல்ல, அதனால போகாதீங்கன்னு சொல்ல மாட்டேன், அங்க போய் பேசுறதே மனசுக்கு மருந்து. ஆனா கேக்கற விதத்தை மாத்துங்க. டப்பாப் பால்ல பாதிக்கு மேல சீனி, ஒரு மேசைக்கரண்டியில 10 கிராம், எங்க வீட்டுக்காரரு நாளைக்கு ஆறு டீ குடிப்பாரு, 60 கிராம் சீனி குடிச்சிருக்காரு. "ச்சோ செய்ன்" வேணாம், "பொ ச்சா"ன்னு கேளுங்க, இனிப்பு கம்மியா டிக்காஷன் தூக்கலா வரும். ஒரு டீ குடிச்சதும் அடுத்தது மேசையில சும்மா வச்சிருக்கற யேநுவேஜான், அந்தப் பச்சைத் தேயிலைத் தண்ணியை எத்தனை கிளாஸ் வேணா ஊத்திக்கிட்டு எத்தனை மணி நேரம் வேணா பேசலாம். மொஹிங்கா சாப்பிடலாம், மீனும் வாழைத்தண்டும் இருக்கற நல்ல சாப்பாடுதான், மேல பிச்சுப் போடுற வடையையும் பொரிச்ச சொரக்காயையும் வேணாம்னு சொல்லிட்டு அவிச்ச முட்டை ஒண்ணு கேளுங்க, சூப்பைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடிக்காதீங்க, உப்பு முழுக்க அங்கதான்.

கோவில் திருவிழா, தீமிதி, கல்யாணம், அன்னதானம், இதுல எல்லாம் நான் அவரைத் தடுக்கறதில்ல. வருசத்துல பத்துப் பதினஞ்சு நாள் சாப்பிடுறது யாரையும் கொல்லாது, மீதி 350 நாள்தான் கணக்கு.

குன்யா. இதைப் பத்தி எழுதும்போது எனக்குக் கை நடுங்குது, ஏன்னா சிகரெட் குடிக்கலைன்னு நாங்க நிம்மதியா இருந்தோம், அவரு நாளைக்கு 12, 15 குன்யா போட்டுக்கிட்டு இருந்தாரு, எல்லாத்துலயும் புகையில. வாய்ல கெடந்தாலும் நிக்கோட்டின் ரத்தத்துல போகுது, போன ஒடனே நாடி ஏறுது, பிரஷர் ஏறுது, ரத்தக் கொழாய் சுருங்குது. பாக்கும் சுத்தம் இல்ல, தனியாவே வாய்ப் புத்துநோய் வர வைக்கிற சாமான். சுருட்டும் அதே கதைதான், வெள்ளைக்காரன் சொல்ற "செரூட்" நம்ம சுருட்டுங்கற தமிழ் வார்த்தையில இருந்து போனதுதான், பேரு நம்ம பேருங்கறதுக்காக அதை வச்சுக்க வேண்டியதில்ல.

விடுறது எப்படின்னா, அவரு மொத வாரம் புகையில இல்லாம போட்டாரு, அப்பறம் எண்ணிக்கையைக் கொறைச்சாரு, சாப்பிட்ட ஒடனே கை தேடும், அந்த நேரத்துக்கு சோம்பும் கிராம்பும் சின்ன டப்பாவுல கடையில வச்சுக் குடுத்தேன். மொத பத்து நாள் எரிஞ்சு எரிஞ்சு விழுந்தாரு, தூக்கம் வரல, தலைவலி, அது புகையில எறங்குறதால வர்றது, ரெண்டு மூணு வாரத்துல போயிரும்னு டாக்டர் முன்னாடியே சொல்லி வச்சதால நாங்க தாங்கிக்கிட்டோம். நடுவுல ரெண்டு தடவை திரும்பப் போட்டாரு. நான் சண்டை போடல, மறுநாள் திரும்ப ஆரம்பிச்சாரு. சண்டை போட்டா மறைச்சுப் போடுவாங்க.

மூணாவது கேள்வி தூக்கம், அதுல இருந்துதான் கவலைக்கு வந்தோம். இந்த ஊர்ல இருக்கறவங்களுக்கு மனசு அழுத்தம்னா என்னன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. வெலைவாசி, கரண்ட், வெளிநாட்டுல இருக்கற புள்ளைங்க, இங்க இருக்கற புள்ளைங்களைப் பத்தின பயம். 2025 மார்ச் 28 நிலநடுக்கம், மாண்டலேல எங்க சொந்தக்காரங்களுக்கு போன் கெடைக்காம ரெண்டு நாள் நாங்க பட்டது எங்களுக்குத்தான் தெரியும். அந்த ரெண்டு நாளும் அவரு பிரஷர் 170ல நின்னுச்சு, மாத்திரை ஒண்ணு கூட விடல, சாப்பாட்டுலயும் மாத்தமில்ல.

மனசு இதயத்தைத் தொடும்ங்கறது சும்மா பேச்சு இல்ல. 1994 ஜனவரி 17 விடியக்காலையில அமெரிக்காவுல லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் நார்த்ரிட்ஜ்ல நிலநடுக்கம் வந்துச்சு. அந்த கவுண்டியில இதய நோயால திடீர்னு சாகறவங்க அதுக்கு முந்தின வாரம் நாளைக்குச் சராசரி 4.6 பேரு, அன்னிக்கு ஒரு நாள்ல 24 பேரு. பயம் வந்தா அட்ரினலின் சுரக்கும், நாடி துடிக்கும், ரத்தம் சீக்கிரம் ஒறையுற மாதிரி ஆகும், ஏற்கனவே அடைச்சுக்கிட்டு இருக்கற கொழாய்ல இருக்கற கொழுப்புக் கட்டி அந்த நேரத்துல வெடிச்சா அதுதான் மாரடைப்பு. அது ஒரு நாள் பயம். தெனமும் கொஞ்சம் கொஞ்சமா பயந்துக்கிட்டே இருந்தா பிரஷர் எறங்கவே எறங்காது, தூக்கம் போகும், தூக்கம் போனா பசி கூடும், கை இனிப்பையும் பொரிச்சதையும் தேடும். அதனால கவலையை விட்டுட்டு சாப்பாட்டை மட்டும் சரி பண்ண முடியாது, நான் முயற்சி பண்ணித் தோத்துட்டுத்தான் சொல்றேன்.

என்ன செய்யலாம்னா, எங்களுக்கு ஒதவுனது மூச்சு. நாலு எண்ணுற வரைக்கும் மூக்கால இழுத்து ஆறு எண்ணுற வரைக்கும் மெதுவா விடுறது, நிமிசத்துக்கு ஆறு மூச்சு, காலையில 10 நிமிசம், படுக்க முன்னாடி 10 நிமிசம். மூச்சை வெளிய விடுற நேரம் நீளமானா நாடி தானா எறங்கும், ஒடம்போட அமைப்பே அப்படி. எங்க மாமியாருக்கு எண்ணுறது ஒத்து வரல, அவங்க இழுக்கும்போது "நமசி" விடும்போது "வாய"ன்னு சொல்லிக்கிட்டாங்க, அதுவும் சரிதான்.

மூச்சைக் கவனிக்கற இந்த வழி நம்ம ஊர்ல இருந்தே ஒலகம் பூரா போயிருக்குங்கறது நெறைய பேருக்குத் தெரியாது. கோயங்கா, 1924ல மாண்டலேல பொறந்த மார்வாடி வியாபாரி, தாங்க முடியாத ஒத்தைத் தலைவலிக்கு எந்த நாட்டுலயும் மருந்து கெடைக்காம 1955ல ரங்கூன்ல ஊ பா கின்கிட்ட வந்து விபாசனா கத்துக்கிட்டாரு. ஊ பா கின் யாருன்னா சாமியார் இல்ல, பர்மா அரசாங்கத்துல அக்கவுன்டன்ட் ஜெனரலா இருந்தவரு, குடும்பஸ்தர், ஆபீஸ் வேலையைப் பாத்துக்கிட்டே சொல்லிக் குடுத்தாரு. கணக்கெழுதுறவரும் கடைக்காரரும் ஒக்காந்து செஞ்சதை நாமளும் செய்யலாம்னுதான் எங்க வீட்டுக்காரருக்கு நம்பிக்கை வந்துச்சு, அவரும் கடைக்காரருதானே. மாத்திரையை விட்டுட்டு தியானம் பண்ணுங்கன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, ரெண்டும் வேணும்.

ரெண்டாவது, போன். ராத்திரி 8 மணிக்கு மேல வீட்டுல யாரும் பேஸ்புக் நியூஸ் பாக்கறதில்லைன்னு முடிவு பண்ணுனோம். நடக்கறதைத் தெரிஞ்சுக்கத்தான் வேணும், காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, அதுக்கு மேல பாத்தா நம்மளால மாத்த முடியறது ஒண்ணும் இல்ல, வதந்தி வேற. மூணாவது, பேச்சு. நம்ம பெரியவங்க 1942ல நடந்தே இந்தியாவுக்குப் போனதையும் பாதி வழியில செத்துப் போனவங்களையும் பாத்தவங்க, 1964ல கடையை சர்க்கார் எடுத்துக்கிட்டப்போ வாயை மூடிக்கிட்டு நின்னவங்க, கவலையை வாய் விட்டுச் சொல்லாம இருக்கறதுதான் ஆம்பளைத்தனம்னு வளத்துட்டாங்க. எங்க வீட்டுக்காரரு கடைக்கடன் எவ்வளவுன்னு என்கிட்ட சொன்னதே ஆஸ்பத்திரிக் கட்டில்லதான். இப்ப ஞாயித்துக்கெழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் ரெண்டு பேரும் ஒக்காந்து காசு, கடன், புள்ளை, எல்லாத்தையும் பேசி எழுதிருவோம், நடுவாரத்துல கவலை வந்தா ஞாயித்துக்கெழமைக்குன்னு நோட்டுல குறிச்சு வச்சுட்டு மூடிருவோம். கடன் கொறையல, ஆனா ராத்திரி 2 மணிக்கு முழிச்சு ஒக்காந்துருக்கறது நின்னுருச்சு.

மாரடைப்பு வந்தவங்க அப்பறம் மாசக் கணக்குல சுரத்தே இல்லாம, யார்கிட்டயும் பேசாம, எதுக்கு இருக்கோம்னு கெடந்தாங்கன்னா அதைக் குணம்னு விட்டுராதீங்க, அது நெறைய பேருக்கு வர்ற நோய், டாக்டர்கிட்ட சொல்லுங்க, மருந்து இருக்கு.

நடை. வாரத்துக்கு 150 நிமிசம், நாளைக்கு அரை மணி நேரம் அஞ்சு நாள், பேச முடியணும் பாட முடியக் கூடாது, அந்த வேகம். கண்டோஜி ஏரிப் பக்கம் விடியக்காலையில போகலாம், போக முடியாதவங்க தெருவுலயே நடங்க, ஏப்ரல்ல வெயிலுக்கு முன்னாடி முடிச்சுருங்க. நாங்க இருக்கறது அஞ்சாவது மாடி, லிப்ட் இல்ல, ரங்கூன்ல பாதிப் பேரு அப்படித்தானே. படி ஏறுறதையே நான் டெஸ்ட்டா வச்சிருக்கேன்: போன மாசம் நிக்காம ஏறுன மாடியில இந்த மாசம் மூச்சு வாங்கி நிக்க வேண்டி வந்தா அது வயசு இல்ல, அந்த வாரமே டாக்டரைப் பாருங்க. சாமானை எல்லாம் பால்கனி கயித்துல கூடை கட்டி ஏத்திக்கோங்க, மூட்டையத் தூக்கிக்கிட்டுப் படி ஏறுறது இதய நோயாளிக்கு ஆகாது.

பேட்டரில ஓடுற பிரஷர் மெஷின் ஒண்ணு வாங்கிருங்க, நாலு குடும்பம் சேந்து கூட வாங்கலாம். அஞ்சு நிமிசம் சும்மா ஒக்காந்துட்டு, பேசாம, கையை மேசை மேல வச்சு எடுங்க, டீயோ குன்யாவோ போட்டு அரை மணி நேரத்துக்கு எடுக்காதீங்க. 140/90க்கு மேல திரும்பத் திரும்ப வந்தா டாக்டர். 35, 40 தாண்டுனவங்க வருசத்துக்கு ஒரு தடவை பிரஷர், சுகர், கொழுப்பு மூணும் பாத்துருங்க. மாத்திரை தீரப் போகுதுன்னா பத்து நாள் முன்னாடியே வாங்கி வைங்க, சில சமயம் அதே மருந்து கடையில இருக்கறதில்ல, நல்லா இருக்கேன்னு நீங்களா நிறுத்தாதீங்க, நல்லா இருக்கறதே அந்த மாத்திரையாலதான்.

கடைசியா கதவுக்குப் பின்னாடி ஒரு பேப்பர் ஒட்டி வைங்க. நெஞ்சு நடுவுல பாறையை வச்ச மாதிரி அழுத்தம், அது இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ போகுது, குளுந்த வேர்வை, மூச்சு முட்டுது, வாந்தி வருது, இதுல எது வந்து 10 நிமிசத்துல போகலைன்னாலும் ஓமத்தண்ணி வேணாம். சுகர் இருக்கறவங்களுக்கும் பொம்பளைங்களுக்கும் வலியே இல்லாம வெறும் மூச்சுத் திணறலா, களைப்பா கூட வரும். ஆளை ஒக்கார வைங்க, நடக்க விடாதீங்க, அவங்களா படி எறங்கவே கூடாது, கை வச்ச பிளாஸ்டிக் நாற்காலியில ஒக்கார வச்சு நாலு பேரு சேந்து தூக்கி எறக்குங்க. அந்தப் பேப்பர்ல பக்கத்து பரஹித சங்கத்து (தர்மத்துக்கு ஒதவுற சங்கம்) ஆம்புலன்ஸ் நம்பர், கீழ் வீட்டுல கார் வச்சிருக்கறவர் நம்பர், அவங்க சாப்பிடுற மாத்திரைப் பேரு, எந்த மருந்து ஒத்துக்காதுங்கறது, இவ்வளவும் தமிழ்லயும் பர்மாவுலயும் எழுதுங்க, தூக்க வர்ற தம்பிங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. எங்க வீட்டுல அந்த நாற்காலி இப்பவும் கதவு பக்கத்துலயே கெடக்கு, அது மேல துணி கூட யாரையும் போட விடுறதில்ல.